இருமுகிற குழந்தையின் மூச்சை எண்ணுவது எப்படி?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு குழந்தையாவது இருமிக்கொண்டிருக்கும். தூக்கி வருகிற அம்மாக்களும் ஆயாக்களும் முதலில் சொல்வது சளியின் நிறத்தைத்தான்: "பச்சையா வருது சிஸ்டர்." நிறத்தை வைத்து பெரிதாக ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வெறும் சளியா, நிமோனியாவா என்று பிரித்துப் பார்க்க மூச்சின் வேகம்தான் உதவும். நிமோனியாவில் நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் சேர்வதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் குழந்தை வேக வேகமாக மூச்சு விடுகிறது. இதை எண்ண ஸ்டெதஸ்கோப் வேண்டாம், செல்போனில் உள்ள டைமர் போதும்.

படி 1: அமைதிப்படுத்துங்கள்

அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும். அம்மா மடியிலேயே இருக்கட்டும், தூங்கினால் இன்னும் நல்லது. காய்ச்சல் கொதித்தாலும் மூச்சு கூடும். அதனால் காய்ச்சலோடு ஒரு முறை, இறங்கிய பிறகு ஒரு முறை எண்ணுங்கள்.

படி 2: எண்ணுங்கள்

சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குகிற குறுக்குவழி இங்கே ஆகாது. கைக்குழந்தை சில நொடி மூச்சை நிறுத்திவிட்டு அப்புறம் படபடவென்று விடும்.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு வந்தால் அது வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது:

2 மாதத்துக்குக் குறைவு: 60 அல்லது அதற்கு மேல்
2 மாதம் முதல் 1 வயது நிறையும் வரை: 50 அல்லது அதற்கு மேல்
1 முதல் 5 வயது நிறையும் வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த எண்ணைத் தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். 2 மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு மட்டும் உடனே இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் 60 வந்தால் நேராக மருத்துவமனைதான்.

படி 3: நெஞ்சைப் பாருங்கள்

மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து மேலெழும்ப வேண்டும். நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

படி 4: 108-ஐ எப்போது கூப்பிடுவது?

பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், உதடு நீலம். இதில் ஒன்று இருந்தாலே போதும். கடலூரில் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை. புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர் அல்லது எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை.

இவை எதுவும் இல்லையா? சரி, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். 6 மாதம் தாண்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, குழைந்த ரசம் சாதம். மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து. தேன் ஒரு வயதுக்கு மேல்தான். அதற்கு முன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும்.

அடுத்து, சாம்பிராணி. தலைக்கு ஊற்றிப் புகை காட்டினால்தான் சளி முறியும் என்று நம்புகிற ஆயாக்களிடம் பேசி ஜெயிப்பது கஷ்டம். ஆனாலும் சொல்கிறேன்: எந்தப் புகையும் ஏற்கெனவே திணறுகிற மூச்சுக்குழாயை இன்னும் உறுத்தும். மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட மோசம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவை உண்டாக்கும்.

மருந்துக்கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்காதீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்த அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில்தான். 2 வயதுக்குக் கீழே இருமல் மருந்தே கொடுக்கக் கூடாது என்பது மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை.

வீட்டில் பார்த்துக்கொள்ளும்போது காலையும் இரவும் எண்ணி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள். 2 நாளில் தேறாவிட்டாலோ, இருமல் 14 நாளைத் தாண்டினாலோ அந்தத் தாளையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். நிமோனியாவைத் தடுக்கும் பிசிவி ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் அரசு மருத்துவமனையில் இலவசம். தவறியிருந்தால் அப்போதே கேளுங்கள்.