கொரிய தாதா படங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரியாவின் தாதா படங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை கத்தியில் தொடங்கிக் கத்தியிலேயே முடிந்துவிடுகின்றன. எத்தனை பேர் குத்துப்பட்டார்கள், எந்தச் சண்டை எவ்வளவு நேரம் நீண்டது, நாயகன் எத்தனை குரூரமாகப் பழிதீர்த்தான் என்பதே படத்தின் அளவுகோலாகிவிடுகிறது. இதைத்தான் முதல் தவறு என்பேன். நல்ல கொரியக் குற்றப் படத்தில் கத்தி வெளியே வருவதற்கு வெகுநேரம் முன்பே, ஏதோ ஓர் அலுவலகத்திலோ உணவகத்தின் தனியறையிலோ இரண்டு பேர் ஒரு பேரத்தை முடித்திருப்பார்கள். பிறகு சிந்தும் இரத்தம் அந்தப் பேரத்தின் விலையாகவே சிந்தும்.

பார்க் ஹூன்-ஜோங் இயக்கி 2013இல் வெளிவந்த 'நியூ வேர்ல்ட்' படத்தில், வாகன நிறுத்துமிடத்தில் நடக்கும் கத்திச் சண்டையும் அது மின்தூக்கிக்குள் நெருக்கியடித்து முடியும் விதமும் இணையத்தில் துண்டுக் காட்சியாகவே பரவியிருக்கின்றன. துண்டாகப் பார்ப்பவருக்கு அது சண்டை அமைப்பின் திறமை மட்டுமே. முழுப் படத்தையும் கவனித்தவருக்கு, ஒரு குற்றக் குழுமத்தின் அடுத்த தலைவரைத் தாங்களே தீர்மானிக்க விரும்பும் காவல்துறை, ஒரு தரப்பின் தலைவனைச் சிறையில் அடைத்துவிட்டு, 'உன்னைக் காட்டிக்கொடுத்தவன் எதிர்த்தரப்பான்தான்' என்று நம்பவைத்ததன் நேரடி விளைவே அந்தச் சண்டை என்பது புரியும். மின்தூக்கிக்குள் இருக்கும் ஒருவருக்கும் தங்களை அங்கே அனுப்பியது யார் என்பது முழுமையாகத் தெரியாது. அந்த அறியாமையை விட்டுவிட்டு இரத்தத்தை மட்டும் வியப்பது, வழக்கைப் படிக்காமல் தீர்ப்பை மட்டும் படிப்பதற்குச் சமம்.

ஆயுதத்தைப் பற்றிய தவறு ஒன்றும் இதனோடு சேர்ந்தே வருகிறது. கத்தியும் பேஸ்பால் மட்டையும் கோடரியும் இந்தப் படங்களில் நிறைந்திருப்பதைக் கண்டு, அதை இயக்குநர்களின் வக்கிரமான ரசனை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தென் கொரியாவில் தனியார் துப்பாக்கி வைத்திருப்பதற்கான கட்டுப்பாடு மிகக் கடுமையானது; வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் பெற்றவர்கூட அதைக் காவல் நிலையத்தில்தான் ஒப்படைத்து வைக்க வேண்டும். ஆகவே கொல்ல வருபவன், சாகப்போகிறவனின் மூச்சு படும் தூரத்துக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. துரோகத்தைப் பற்றிய கதைகளுக்கு இந்த நெருக்கம் எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யூன் ஜோங்-பின்னின் 'நேம்லெஸ் கேங்ஸ்டர்' (2012) படத்தில் வரும் கைத்துப்பாக்கியில் குண்டே இல்லை. அதை வைத்திருக்கும் மனிதரின் உண்மையான ஆயுதம், யார் யாருக்கு எந்த வகையில் உறவு என்று தொலைபேசி எண்களோடு குறித்து வைத்திருக்கும் ஒரு சிறு கையேடு.

அந்த மனிதர் பிறவி ரவுடி அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. 1982ஆம் ஆண்டின் பூசான் துறைமுகத்தில் கையூட்டு வாங்கிப் பிழைத்த சாதாரணச் சுங்க அலுவலர் அவர். வேலை போகும் நிலையில், கைக்குச் சிக்கிய போதைப்பொருளை விற்பதற்காக ஒரு தாதாவிடம் செல்கிறார். அந்த தாதா தன் குலத்தைச் சேர்ந்தவன், முறைப்படி தனக்கு இளையவன் என்று தெரிந்ததும் உறவைச் சொல்லியே அவன் தலைக்கு மேல் ஏறிக்கொள்கிறார். அடியாள் உலகம் அரசு அலுவலகத்தைக் கெடுத்தது என்று எழுதப் பழகிய கைகள், இங்கே அலுவலகம்தான் அடியாள் உலகத்தைத் தேடிப்போகிறது என்பதைக் காணத் தவறுகின்றன.

தவறுகளில் பெரியதாக நான் கருதுவது, அரசின் 'களையெடுப்பை' அப்படியே நம்பிவிடுவது. 'நேம்லெஸ் கேங்ஸ்டர்' படத்தின் கதை, 1990 அக்டோபர் 13 அன்று அதிபர் ரோ தே-வூ அறிவித்த 'குற்றத்துக்கு எதிரான போர்' என்ற சட்டகத்துக்குள் வைத்துச் சொல்லப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நேர்மையான அரசின் நடவடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்த அறிவிப்புக்கு ஒன்பது நாள் முன்புதான், இராணுவப் பாதுகாப்புப் பிரிவு அரசியல்வாதிகள், தொழிற்சங்கத்தினர், மதத் தலைவர்கள் எனச் சுமார் 1,300 குடிமக்களை இரகசியமாகக் கண்காணித்து வந்ததை ஓர் இளம் படைவீரர் ஆவணங்களுடன் அம்பலப்படுத்தியிருந்தார். நாடே கொதித்துக்கொண்டிருந்த அந்த வேளையில் வந்த அறிவிப்பு அது என்பதைக் கொரியப் பார்வையாளர் நினைவில் வைத்தே படத்தைப் பார்க்கிறார்.

இந்த வரலாறு இன்னும் பின்னே செல்கிறது. 1960 ஏப்ரல் 18 அன்று, அதிபர் சிங்மான் ரீயின் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் சென்று திரும்பிய கொரியா பல்கலைக்கழக மாணவர்களைத் தாக்கியவர்கள் ஆளுங்கட்சியோடு பிணைந்திருந்த அடியாட்கள். மறு ஆண்டு மே மாதம் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், அதே தாதாக்களின் கழுத்தில் அட்டைகளை மாட்டிச் சியோல் தெருக்களில் நடத்திச் சென்றது. தோங்தேமுன் பகுதியை ஆண்ட லீ ஜோங்-ஜே அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். 1980இல் சுன் தூ-ஹ்வானின் இராணுவக் குழு, ரவுடிகளைத் திருத்துவதாகச் சொல்லிச் சுமார் 60,000 பேரைப் பிடித்து, அவர்களில் ஏறக்குறைய 40,000 பேரைச் 'சம்சொங்' முகாம்களுக்கு அனுப்பியது. எந்தக் குற்றப் பதிவும் இல்லாத பலர் அங்கே வதைபட்டனர். ஒரு கையால் அடியாளை வளர்த்து மறு கையால் அவனைப் பலியிட்டு நற்பெயர் தேடிய ஆட்சிகளை மூன்று தலைமுறையாகக் கண்ட சமூகம், திரையில் ஓர் அதிகாரி நீதியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

அரசு வழக்கறிஞரின் அதிகாரத்தைப் புரிந்துகொள்ளாமல் கதையைத் தொடர்வதும் பொதுவாக நிகழ்கிறது. நம் ஊரில் அரசு வழக்கறிஞர் என்றால் நீதிமன்றத்தில் வாதாடுபவர். இந்தப் படங்கள் வந்த காலத்தின் கொரியாவில் அவர் தாமே புலனாய்வு செய்யக்கூடியவராக இருந்தார். 2020இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை காவல்துறையின் புலனாய்வை வழிநடத்தும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. ரியூ சுங்-வானின் 'தி அன்ஜஸ்ட்' (2010) படத்தில் இளம் வழக்கறிஞர் ஒருவர் அனுபவம் மிக்க காவல் அதிகாரியை மண்டியிட வைக்க முடிவது இதனால்தான். தொடர் கொலை வழக்கை மூடுவதற்குக் காவல்துறைக்கு ஒரு குற்றவாளி வேண்டும், ஆகவே ஒருவனை 'நடிகனாக' உருவாக்குகிறார்கள்; அந்த வேலைக்குக் கட்டுமானத் தொழிலுக்கு மாறிய ஒரு தாதா பயன்படுகிறான்; வழக்கறிஞருக்கு வேறொரு கட்டுமான முதலாளி செலவு செய்கிறார். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் எம்பிசி தொலைக்காட்சி, பூசான் பகுதிக் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவர் வழக்கறிஞர்களுக்கு ஆண்டுக்கணக்கில் விருந்தும் பணமும் வழங்கி வந்ததாகக் கூறியதை ஒளிபரப்பியிருந்தது. அக்டோபரில் திரையரங்குக்குச் சென்றவர்களுக்கு அந்தக் காட்சிகள் மிகையாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சொற்களிலும் வழுக்கி விழுகிறோம். 'ஹ்யோங்நிம்' என்பதை ஆங்கிலத் துணையுரைகள் 'பாஸ்' என்று ஆக்கிவிடுகின்றன. 'அண்ணன்' என்று கேட்டுக்கொண்டால் அதற்குள் இருக்கும் பாசமும் மிரட்டலும் ஒருங்கே நமக்கு விளங்கும். ஆனால் அந்தப் பாசத்தை உண்மையான விசுவாசமாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. கிம் ஜீ-வூனின் 'எ பிட்டர்ஸ்வீட் லைஃப்' (2005) படத்தில் ஏழு ஆண்டுகள் நாய்போல் உழைத்தவன், தன்னை ஏன் கொல்லத் துணிந்தீர்கள் என்று கேட்கும்போது, தன்னை அவன் அவமதித்துவிட்டான் என்பதற்கு மேல் தலைவரிடம் பதில் இல்லை. அடியாட்கள் தங்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 'கொந்தால்' என்ற சொல், பௌத்த நூல்களின் வழியே சென்ற நம் 'கந்தர்வன்'தான். இசைபாடும் தேவகணம் வேலையற்றுத் திரிபவனாகி, கடைசியில் ரவுடியின் கௌரவப் பெயராயிற்று. கிம் சுங்-சூவின் 'அசுரா' (2016) என்ற தலைப்பைப் புராண அசுரனாக எண்ணி, யார் அந்த அசுரன் என்று தேடுவதும் பிழை. பௌத்தத்தில் அது ஓயாமல் சண்டையிடுவோரின் உலகம். கொரியப் பேச்சில் 'அசுராஜாங்' என்றால் களேபரமான இடம். மேயரும் துப்பறிவாளரும் வழக்கறிஞர்களும் சேர்ந்து வாழும் அந்தக் கற்பனை நகரமே தலைப்பின் பொருள்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, கொரியா முழுவதும் இப்படித்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்நாட்டில் ஓராண்டில் நிகழும் கொலைகள் ஒரு லட்சம் பேருக்கு ஒன்றுக்கும் குறைவு. சீனாவிலிருந்து வந்து குடியேறிய கொரிய வம்சாவளியினரைக் கூலிக் கொலையாளிகளாகவே காட்டும் வழக்கத்தை நாமும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளக் கூடாது. 2017இல் ஒரு நகைச்சுவை அதிரடிப் படம் தங்கள் பகுதியைக் குற்றவாளிகளின் கூடாரமாகக் காட்டியதை எதிர்த்துச் சியோலின் தேரிம்-தோங் பகுதியினர் வெளிப்படையாகவே போராடினார்கள். படங்களின் இந்தக் குறையைப் படங்களை நேசிப்பவர்களே முதலில் சொல்ல வேண்டும்.

முடிவில் தண்டனையை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. 'நேம்லெஸ் கேங்ஸ்டர்' படத்தின் கடைசிக் காட்சியில் அந்தப் பழைய சுங்க அலுவலர் முதியவராக, வசதியாக, தம் பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் விழாவில் அமர்ந்திருக்கிறார். அவருடைய மகன் இப்போது அரசு வழக்கறிஞர். அப்போது, அவர் காட்டிக்கொடுத்த தாதா அவரை மரியாதையாக அழைத்துவந்த அதே உறவுமுறைச் சொல்லால் ஒரு குரல் அவரைக் கூப்பிடுகிறது. அழைத்தவர் யார் என்பதைக் காட்டாமலேயே படம் நின்றுவிடுகிறது.