எந்த மருந்து ஏற்றிய மரம்?

எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டிக் குழித்துறையாறு தேங்காப்பட்டணம் கடலுக்குப் போகிறது. வள்ளத்தைக் கட்டி நிறுத்துவதற்காக நான் முதலில் போட்ட மரத்துறை மூன்றாம் மழைக்காலத்தில் சரிந்தது. உளுக்காமல் இருக்க ‘மருந்து ஏற்றிய மரம்’ என்றுதான் வாங்கினேன். எந்த மருந்து என்று கேட்கவில்லை. அதை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மலிவாகக் கிடைப்பது ரப்பர் மரம். அதற்குப் பெரும்பாலும் போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்றுவார்கள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் அது அருமையான மருந்து. ஆனால் தண்ணீரில் கரையும். நனைய நனைய மருந்து வெளியேறி, வெறும் ரப்பர் மரம்தான் மிஞ்சும். அது உளுக்க எத்தனை நாளாகும்?

தண்ணீரில் நிற்கும் கால்களுக்குச் செம்பு கலந்த மருந்து வேண்டும். மேலே பூசினால் போதாது. மூடிய தொட்டியில் காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தம் கொடுத்து ஏற்றியிருக்க வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கலவையை 1933-இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் சோந்தி காமேசம். குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்துவிடும். ஆனாலும் ஆர்செனிக் நஞ்சு. அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு அதை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் கால்களுக்கு மட்டும் அந்த மரம். குழந்தைகள் உட்காரும் மேல்பலகைக்கு அயினி மரத்தின் வைரம், அதாவது உள்மரம், போட்டேன். குடிதண்ணீர் எடுக்கும் குளமென்றால் கல்தூண்தான் நடுவேன்.

கால்களுக்கு உருட்டுக்கட்டையே வாங்குங்கள். மருந்து குடிப்பது வெளியே இருக்கும் வெள்ளை மரம். உள்ளே இருக்கும் வைரம் எளிதில் குடிக்காது. சதுரமாகச் செதுக்கினால் மருந்து ஏறிய பகுதியையே சீவி எறிகிறீர்கள். அறுப்பு, துளை எல்லாவற்றையும் மருந்து ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு அறுத்தே ஆகவேண்டும் என்றால், அறுத்த முனைக்குச் செம்பு மருந்தை இரண்டு முறை பூசி, அந்த முனையை மேலே வையுங்கள். தண்ணீருக்குள் போவது அறுபடாத முனையாக இருக்கட்டும். கோடையில் உப்புநீர் ஏறும் எங்கள் கழிமுகம் போன்ற இடத்தில் இது மிக முக்கியம். உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உண்மையில் சிப்பி இனம். வெளியே குண்டூசித் துளைதான் தெரியும், உள்ளே மரம் சல்லடையாகிவிடும்.

செம்பு சாதாரண இரும்பை அரிக்கும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த போல்ட் போடுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு. உப்புக்காற்று வீசும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுதான்.

அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள், கீழே தார்ப்பாய் விரித்துத் தூளை அள்ளிவிடுங்கள். துண்டுகளைத் தயவுசெய்து அடுப்பில் வைக்காதீர்கள். எரித்தால் புகையிலும் ஆர்செனிக் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலை வாழைக்குப் போட்டுவிடுவார்கள் நம் வீடுகளில்.

பங்குனியில் தண்ணீர் வற்றும்போது, நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் ஒவ்வொரு மரக்காலையும் குத்தூசியால் குத்திப் பாருங்கள். காற்றும் ஈரமும் சேரும் அந்தச் சாண் அகலத்தில்தான் மரம் முதலில் மெத்தென்று ஆகும்.