மிர்-223 அளக்கும்போது சிடி மதிப்பு 38-ஐத் தாண்டுகிறதா?

சிடி என்பது க்யூபிசிஆர் கருவியில் சிக்னல் தெரிய எத்தனை சுற்று ஆகிறது என்ற கணக்கு, எண் கூடினால் ஆர்என்ஏ குறைவு என்று அர்த்தம். மதுரை ஆய்வகத்தில் மூன்று வாரம் இந்த மிர்-223 என்னை அலைக்கழித்தது. புரதம் எதையும் உருவாக்காத, சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோஆர்என்ஏ இது. அழற்சியைத் தூண்டும் என்எல்ஆர்பி3 புரதம் அளவுக்கு மீறி உருவாகாமல் கடிவாளம் போடும். அந்தக் கடிவாளம் தளர்ந்த செல்லுக்குத் தூண்டுதல் கிடைத்தால் கேஸ்பேஸ்-1 என்சைம் விழித்து, காஸ்டெர்மின் டி புரதம் வெட்டுப்பட்டு, சவ்வில் துளை விழுந்து செல் வெடித்துவிடும், அதுதான் பைரோப்டோசிஸ். புற்றுக்கட்டிக்குள் இது எதிர்ப்புச் செல்களை வரவழைக்கலாம், அழற்சி ஓயாமல் நீடித்தால் கட்டியையே வளர்த்தும் விடலாம். அதனால் அளவு பிசகக் கூடாது.

செல் வளர்ப்பு தெரியும்தானே? டிஎச்பி-1 என்ற மனித ரத்தப்புற்று செல்களை பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் போட்டு மேக்ரோபேஜ் (விழுங்கு செல்) ஆக்கி, 4 மணி நேரம் எல்பிஎஸ் (பாக்டீரியா உறைப் பொருள்), அப்புறம் பைரோப்டோசிஸைத் தூண்ட 10 மைக்ரோமோலார் நைஜெரிசின் 1 மணி நேரம். எண்ணெயில் விட்ட பூரி மாதிரி செல்கள் உப்பி நிற்கும்.

மீடியத்தைக் கொட்டிவிடாதீர்கள், பிடி விட்ட செல்கள் அதில்தான் மிதக்கும். மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்ததையும், தட்டில் ஒட்டிய செல்களுக்கு விடும் அதே ட்ரைசாலில் (செல்லைக் கரைத்து ஆர்என்ஏவைப் பிரிக்க உதவும் திரவம்) சேருங்கள். ஆர்என்ஏ பிரிக்க எனக்கு வடிகட்டும் காலம் (column) குழாயை விட ட்ரைசால்தான் பிடிக்கும். சாதாரணக் காலம் குழாய் 200 எழுத்துக்குக் குறைந்ததைப் பெரும்பாலும் தவறவிடும். குளோரோஃபார்ம் விட்டபின் 4 டிகிரியில்தான் சுழற்ற வேண்டும், சித்திரை மாதத்து மதுரையில் இதை விட்டால் அடுக்கு சரியாகவே பிரியாது.

சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்யும்போதுதான் நான் மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒலிகோ டிடி ப்ரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் துண்டு) போட்டேன், ஒப்பீட்டு ஜீனான ஜிஏபிடிஎச் அழகாக 18-இல் வந்தது, மிர்-223 மட்டும் 38. ப்ரைமரை மாற்றினேன், புது என்சைம் வாங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. முதிர்ந்த மைக்ரோஆர்என்ஏவுக்குப் பாலி-ஏ வால் (கடைசியில் வரும் ஏ எழுத்து வரிசை) கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. வாலே இல்லாததை ஒலிகோ டிடி எதைப் பிடித்து இழுக்கும்? ஸ்டெம்-லூப் ப்ரைமர் வாங்குங்கள். அது கடைசி ஆறு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அளக்கிற அளவுக்கு நீளத்தைக் கூட்டித் தரும். 16 டிகிரியில் 30 நிமிடம், 42-இல் 30, 85-இல் 5. அந்த 16 டிகிரியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், ஆறெழுத்துப் பிடிப்பு சூட்டில் அவிழ்ந்துவிடும். மறுநாள் எனக்கு 24 வந்தது. ஒப்பீட்டுக்கு யூ6 என்ற இன்னொரு சிறிய ஆர்என்ஏவை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மருந்து போட்ட செல்லிலும் அது அசையாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பின்சேர்க்கை: நீட்1 (இதுவும் புரதம் உருவாக்காத ஆர்என்ஏதான்) அளக்கும் மாணவி ஒருவர் இதே சிக்கலைச் சொன்னார். அதன் குட்டை வடிவத்துக்கு வால் உண்டு, நீள வடிவத்துக்குக் கிடையாது. வால் தேவைப்படாமல் ஆங்காங்கே ஒட்டும் ஆறெழுத்து ப்ரைமரான ரேண்டம் ஹெக்ஸாமர் போடுங்கள். நீள வடிவம் ட்ரைசாலிலும் முரண்டு பிடிக்கும், 55 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் வெளியே வரும்.