பப்பில் சூதாட்ட மெஷின்: உரிமத்தில் எங்கே தவறுகிறார்கள்?

பிரிட்டனில் ஒரு பப்பைக் கைமாற்றி எடுப்பவர் குத்தகையைப் பார்ப்பார், மது உரிமத்தைப் பார்ப்பார், சமையலறையைப் பார்ப்பார். மூலையில் மின்னிக்கொண்டிருக்கும் ஃப்ரூட் மெஷினைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அது முன்னாடியே இருக்கு, பழையவர் எல்லாம் கட்டிட்டார்” என்று பதில் வரும். கடை நடத்திப் பழகி, இப்போது பப் எடுக்கும் நம்மவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். மெஷினுக்கான அனுமதி கட்டடத்தோடு வருவதில்லை. மது உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு போகிறது.

2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம். இந்தச் சட்டத்தின் 282-ஆம் பிரிவுப்படி, மதுவை அங்கேயே குடிக்க உரிமம் உள்ள, பார் உள்ள இடம் ஒன்றில் சி அல்லது டி வகை (பந்தயமும் பரிசும் குறைவான வகைகள்) மெஷின் இரண்டு வைக்கலாம். ‘தானாகக் கிடைக்கும் உரிமை’ என்று இதைச் சொல்வதால், எதுவும் செய்யத் தேவையில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உள்ளூர் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவித்து 50 பவுண்டு கட்டினால்தான் அந்த உரிமை செல்லும். மது உரிமம் கைமாறினால் பழையவரின் உரிமை அன்றோடு முடிந்தது. புதியவர் மறுபடி எழுதிக் கட்ட வேண்டும். அதைச் செய்யாமல் மெஷினை ஓடவிட்டால் அது குற்றம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 50 பவுண்டுக்கும் ஒரு கடிதத்துக்கும் சோம்பல்பட்டு யாரும் இந்த நிலைக்குப் போகக் கூடாது.

சாப்பாட்டோடு மட்டுமே மது பரிமாறலாம் என்று உரிமத்தில் நிபந்தனை போட்டிருக்கும் உணவகத்துக்கு இந்த உரிமை கிடையாது. பாட்டில் வாங்கிப்போகும் ஆஃப் லைசென்ஸ் கடைக்கும் கிடையாது.

இரண்டுக்கு மேல் வேண்டுமானால் கவுன்சிலிடம் பெர்மிட் வாங்க வேண்டும். இங்கே கணக்குத் தப்புகிறது. நான்கு மெஷினுக்குப் பெர்மிட் இருந்தால் மொத்தமே நான்குதான். ஏற்கெனவே உள்ள இரண்டோடு சேர்த்து ஆறு ஆகாது. புதிய விண்ணப்பத்துக்கு 150 பவுண்டு, அப்புறம் ஆண்டுதோறும் 50 பவுண்டு. பெர்மிட்டுக்குக் காலாவதி தேதி இல்லை என்பதால் ஆண்டுக் கட்டணத்தை மறப்பவர்கள் உண்டு. கட்டாவிட்டால் கவுன்சில் ரத்து செய்துவிடும். பப்பை வாங்குபவர் 25 பவுண்டு கட்டிப் பெர்மிட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்கலாம், ஆனால் அவராகக் கேட்க வேண்டும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பிள்ளைகள் விஷயம். சி வகை மெஷினில் ஒரு ஆட்டத்துக்கு 1 பவுண்டு வரை போட்டு 100 பவுண்டு வரை பரிசு பெறலாம். 18 வயது நிறையாதவர் அதைத் தொடக் கூடாது. 2018-இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான சூதாட்ட ஆணையமும் கவுன்சில்களும் இங்கிலாந்து பப்கள் சிலவற்றுக்குச் சிறார்களை அனுப்பிச் சோதித்தபோது, கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பப்கள் அவர்களைத் தடுக்கவில்லை. பீர் கேட்டால் அடையாள அட்டை கேட்கும் அதே ஊழியர், மெஷின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பல இடங்களில் திரும்பினாலும் தெரியாது. கழிப்பறைக்குப் போகும் நடையில், தூணுக்குப் பின்னால் மெஷின் நிற்கும். ஞாயிறு மதியம் பெற்றோர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பையன் சில்லறையோடு அந்தப் பக்கம் போனால் யார் கண்ணிலும் படாது. கண்காணிக்கக்கூடிய இடத்தில்தான் மெஷின் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் நடத்தை விதி. அதைப் பின்பற்றுவது உங்கள் உரிமையின் நிபந்தனை. ஏடிஎம் இருந்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த்தான் பணம் எடுக்கும்படி அது தள்ளி இருக்க வேண்டும். இதை மீறினால் கவுன்சில் விசாரணை வைத்து, அந்த இரண்டு மெஷினுக்கான உரிமையையே பறிக்கலாம். பார் கவுண்டருக்கு நேர் எதிரே மெஷினை நகர்த்தி வைப்பதற்குச் செலவே இல்லை, தயவுசெய்து அதைச் செய்துவிடுங்கள்.

உறுப்பினர் கிளப்புகளுக்கு விதி வேறு. கிளப் பெர்மிட் இருந்தால் மூன்று மெஷின் வரை வைக்கலாம், சி வகையைவிடப் பெரிய பரிசு தரும் பி4 வகையும் அதில் வரலாம். 500 பவுண்டு வரை பரிசு தரும் பி3ஏ வகை ஒன்றுக்கு மேல் கூடாது. லாபத்துக்காக நடத்தும் கிளப் அந்த ஒன்றையும் வைக்க முடியாது. பெயரில் ‘கிளப்’ இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மெஷினை யாரிடம் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கொடுப்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் பொதுவாக ஆணையத்தின் உரிமம் இருக்க வேண்டும்; ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.

கடைசியாக வரி. மெஷின் சப்ளையருடையது என்பதால் வரியும் அவருடையது என்று நினைக்க வேண்டாம். பப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர்தான் மெஷின் கேம்ஸ் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் மெஷினை ஓடவிடுவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பு. 1 பவுண்டு ஆட்டத்துக்கு நிகர வசூலில், அதாவது பரிசு போக மிஞ்சுவதில், 20 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், அந்த மூன்று மாதமும் வரி எதுவும் வராவிட்டாலும்கூட.