காமிஷிபாய்: சிறுவர் வகுப்பில் ஒரு ஜப்பானியக் கதை மேடை

சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு ஜப்பானியப் பண்பாட்டை அறிமுகப்படுத்த, கொடி, தலைநகரம் என்று தகவல்களை அடுக்குவதைவிடக் காமிஷிபாய் என்னும் படக்கதைக் கலையில் தொடங்குவது நல்லது. 1930களில் மிதிவண்டியில் வந்த கதைசொல்லிகள், மரக்கட்டைகளைத் தட்டிக் குழந்தைகளை அழைத்து, மிட்டாய் விற்றபின், மரச்சட்டத்தில் செருகிய படங்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்னார்கள். பீச் பழத்திலிருந்து பிறந்து, நாயையும் குரங்கையும் துணைக்கு அழைத்துச் செல்லும் மொமொதாரோவின் கதையைக் குழந்தைகளே தடித்த அட்டைகளில் வரையட்டும். முதல் படத்துக்குரிய வசனத்தைக் கடைசி அட்டையின் பின்புறத்திலும், இரண்டாம் படத்துக்குரியதை முதல் அட்டையின் பின்புறத்திலும் எழுத வேண்டும். அப்போதுதான் முன்னட்டையை உருவிப் பின்னால் வைத்ததும், அடுத்த வசனம் கதைசொல்பவரின் கண்முன் இருக்கும். அட்டையைப் பாதி இழுத்து நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க மறவாதீர்கள். மிகச் சிறியவர்களுக்கு 8 அட்டைகளே போதும்.