தாத்தாவின் போர்க்காலத்தைத் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

தாத்தா இறந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வேட்டிகளுக்கு அடியில், வாழைமரம் அச்சடித்த பத்து டாலர் நோட்டு நாலு இருந்தது. கூடவே மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு தாள். அதில் 2603 என்று ஒரு எண். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

அந்த எண்ணைப் பதிவு எண் என்று நினைத்து ஆறு மாதம் அலைந்தோம். அது வருஷம். ஜப்பான் ஆட்சியின்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானிய ஆண்டுக்கணக்குதான் புழங்கியது. 660-ஐக் கழித்தால் 1943. சில தாள்களில் ஜப்பான் பேரரசரின் ஆட்சி ஆண்டாக ‘ஷோவா 18’ என்று இருக்கும். அதோடு 1925-ஐக் கூட்டினால் அதுவும் 1943தான். ‘ஷோனான்’ என்று ஊர்ப்பெயர் இருந்தால் சிங்கப்பூர். தேதியைப் படிக்கத் தெரியாமல் தேடலைத் தொடங்குவதுதான் முதல் தவறு. 1943 என்று தெரிந்ததும் எங்களுக்கு எல்லாமே மாறிப்போனது. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர்கள் கைதிகளையும் கூலிகளையும் வாட்டிப் போட்ட மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர், முடிந்த வருஷம் அது.

அடுத்த தவறு, ‘பர்மா’ என்ற சொல்லைக் கேட்டதும் பட்டாளம் என்று முடிவு கட்டுவது. பர்மாவில் இருந்தவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்திருக்கலாம், ஜப்பானியர் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்திருக்கலாம், ரயில் பாதைக்குக் கட்டை சுமந்திருக்கலாம். 1942-இல் ரங்கூனிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்த லட்சக்கணக்கானோரில் ஒருவராகவும் இருக்கலாம். ‘பர்மா ஸ்டார்’ பதக்கம் இருந்தால்கூட அவர் துப்பாக்கி பிடித்தார் என்று அர்த்தமில்லை. லாரி ஓட்டியவருக்கும் அது கிடைத்தது. ஐ.என்.ஏ. என்றாலும் எந்த வருஷம் என்று பாருங்கள். 1942-இல் மோகன் சிங் அமைத்த முதல் படை, ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டது. தோட்டத்து ஆட்கள் பெருமளவில் சேர்ந்தது 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். முத்துசாமி என்ற பெயரை ஆங்கிலேய கிளார்க் நாலு விதமாக எழுதியிருப்பார். அப்பா பெயர் முன்னால் போயிருக்கும், இல்லை விட்டே போயிருக்கும். அப்பா பெயரையும் ஊர்ப்பெயரையும் வைத்துத் தேடிப் பாருங்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஆள் அங்கே போகவில்லை என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. உடல் கிடைக்காத படைவீரர்கள் 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன. பர்மாவில் தௌக்யான் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 27,000 பெயர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவற்றைத் தேடலாம். ஆனால் அதெல்லாம் படையில் இருந்தவர்களுக்கு. மரண ரயிலில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். காலராவில் போனவர்களை மொத்தமாகக் குழியில் போட்டு மூடினார்கள். பெயர் எழுதி வைக்க ஆளில்லை. பதிவு இல்லாததை வைத்து ஒரு மனிதரின் வாழ்க்கையை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

அப்புறம், பெரியவர்களிடம் கேட்கும் விதம். நான் போனை ரெகார்டிங்கில் போட்டு அத்தைப்பாட்டி முன்னால் வைத்து, “தாத்தா ரயிலுக்குப் போனாரா?” என்று நேராகக் கேட்டேன். “எனக்கு என்னப்பா தெரியும், நான் சின்னப் பிள்ளை” என்று எழுந்து போய்விட்டார். மூன்றாவது முறை போனபோது எதுவும் கேட்கவில்லை, நோட்டை மட்டும் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். “ஜப்பான்காரன் காலத்துக் காசு. கடைசியில இதுக்கு ஒண்ணுமே வாங்க முடியல. மரவள்ளிக்கிழங்குதான் மூணு வேளையும்” என்று ஆரம்பித்தார். அன்று இருட்டும்வரை பேசினார். அவர் பேசாமல் இருந்ததைப் பொய் என்று நினைத்திருந்தேனே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கேள்விப்பட்டதை வைத்து உடனே தீர்ப்பும் சொல்லாதீர்கள். கொள்கைக்காக ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள் உண்டு. ரயிலுக்குப் பிடித்துப் போய்விடுவார்களே என்ற பயத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. ரயில் வேலைக்குத் தோட்டத்தில் ஆள் பட்டியல் எழுதிக் கொடுத்த கிராணி (தோட்டத்துக் கணக்கர்) உங்கள் தாத்தாவாகவே இருக்கலாம். எழுதாவிட்டால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். தியாகி என்றோ துரோகி என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

தாளை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு உறையில் வையுங்கள். பழைய படங்களின் பின்பக்கத்தையும் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும்.

கிடைத்ததை அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம். போரில் பிரிந்தவர்கள் அங்கே ஒரு மனைவியையும் குழந்தையையும் விட்டு வந்ததுண்டு. அந்தச் செய்தி பாட்டிக்கோ உங்கள் அப்பாவுக்கோ இருபது பேர் இருக்கும் குழுவில் போய்ச் சேரக் கூடாது. முதலில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அப்பாவிடம் நான் அந்தத் தாளைக் காட்டியபோது அவர் படிக்கவில்லை. மடிப்பை மட்டும் சரிசெய்து, “வெயில் படாம வை” என்றார்.