கார் கோபியில், நீங்கள் மெல்பர்னில்: ஊரில் விட்டுவந்த வண்டியை விற்கும் முன்

வந்து இறங்கிய முதல் மாதம் எல்லாருக்கும் ஒரே அலைச்சல்தான். சிம், ரூம், வங்கிக் கணக்கு, வரி எண், ரயிலுக்கு மைக்கி அட்டை. அதையெல்லாம் சொல்லித்தர இங்கே ஆள் நிறைய. இரண்டாவது மாதம் ஊரிலிருந்து போன் வரும். "ஏங்கண்ணு, அந்தக் காரு சும்மாதான நிக்குது? பேட்டரி வேற எறங்கிப்போச்சு. குடுத்துப்போடலாமா?"

நீங்களும் சரி என்பீர்கள். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு போட்டோவை வைத்து, பழைய வண்டி விற்கும் ஏதோ ஒரு தளத்தில் இங்கிருந்தே விளம்பரம் போடுவீர்கள். தொடர்புக்கு அப்பாவின் எண். விளம்பரம் போட்டவர் ஒரு நாட்டில், வண்டி இன்னொரு நாட்டில், போனை எடுப்பவருக்கு எழுபது வயது. கோபிசெட்டிபாளையத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தால் இங்கே ராத்திரி பதினொன்றரை, கோடையில் பன்னிரண்டரை. நீங்கள் தூங்கிவிட்டிருப்பீர்கள். ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கய்யன் (அப்பா) பேரில் ஒரு ஸ்விஃப்ட், டி.என். 36 பதிவு. நாலு லட்சத்துப் பத்தாயிரம் என்று போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். பேச்சு சுத்தமாக நம்ம ஊர்ப் பேச்சு. "வண்டி புடிச்சுப்போச்சுங். நாலு பத்துன்னு போட்டிருக்கறீங்க, நான் கொறைக்கச் சொல்ல மாட்டனுங்." அங்கேயே காது விடைத்திருக்க வேண்டும். கத்திரிக்காய்க்கே பேரம் பேசுகிற ஊரில், வண்டியைப் பார்க்காமல் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவன் யார்? ஐயனுக்கோ சந்தோஷம்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். "என்ற மச்சானுக்கு ஒரு பழைய பாக்கி இருக்குதுங். அதுக்குப் பதிலா இந்த வண்டிய வாங்கிக் குடுக்கறன். அவரு வந்து பாப்பாரு. வெலையப் பத்தி மட்டும் அவருகிட்டப் பேச வேண்டாமுங்க, அது எங்களுக்குள்ள இருக்கற கணக்கு." ஆர்.சி. புக், ஆதார் இரண்டுக்கும் போட்டோ கேட்டான். ஐயன் அனுப்பிவிட்டார்.

அவன் செய்தது இதுதான். நான் போட்ட அதே போட்டோக்களை எடுத்து, மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு வேறு இடத்தில் தன் எண்ணோடு விளம்பரம் போட்டான். சத்தியமங்கலத்திலிருந்து நிஜமாகவே கார் தேடிய ஒருவர் அதைப் பார்த்துக் கூப்பிட்டார். அவரிடம் வேறு கதை: "வண்டி எங்க சித்தப்பா ஊட்டுல நிக்குது. அவருகிட்ட வெலை பேசிராதீங்க, சொத்துத் தகராறு இருக்குது. பாத்துட்டுப் புடிச்சா பணத்த எனக்கு அனுப்பிச்சுப்போடுங்க." நம்பிக்கைக்கு ஐயனின் ஆர்.சி. போட்டோவையே அனுப்பியிருக்கிறான்.

சனிக்கிழமை காலையில் அவரும் அவர் தம்பியும் பைக்கில் வந்தார்கள். பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று நகத்தால் அளந்தார்கள். கால்மிதியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று தடவினார்கள். கரட்டடிபாளையம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். திருப்தி. திண்ணையில் உட்கார்ந்து பேங்க் ஆப்பைத் திறந்து 3,20,000 என்று தட்டியும் ஆயிற்று, அனுப்புவது மட்டும்தான் பாக்கி. அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல, "எத்தனைக்குங் முடிச்சீங்க?" என்று கேட்டார்.

"மூணு இருபதுக்குங்கம்மா."

"மூணு இருபதா? நாலு பத்துங்களே!" என்றார் ஐயன்.

அடுத்த ரெண்டு நிமிஷம் இவர் அவரைத் திருடன் என்று நினைக்க, அவர் இவரைத் திருடன் என்று நினைக்க, காப்பி ஆறிப்போனது. இருவருமே அந்த நம்பருக்குப் போன் போட்டார்கள். ஒரு தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். அம்மா கேட்காமல் இருந்திருந்தால், பணம் கட்டிய மனுஷன் சாவியைக் கொடு என்பார். ஒரு ரூபாய்கூட வராத ஐயன் எதற்குக் கொடுக்கணும் என்பார். இருவரும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஐயன் ஏமாளி இல்லை. யோசித்துப் பார்த்தால், அவருக்குச் சந்தேகம் வராததற்கு நம்ம ஊர்ப் பழக்கமே காரணம். ஈரோடு கருங்கல்பாளையத்து வியாழக்கிழமைச் சந்தையில் மாடு பிடித்த ஆள் அவர். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்வது மரியாதை இல்லை. தரகர் துண்டைப் போட்டு மூடி, ஒருவர் விரலைப் பிடிப்பார். பிறகு அடுத்தவர் விரலைப் பிடிப்பார். சுற்றி நிற்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. "வெலைய வெளிய பேச வேண்டாமுங்க" என்று போனில் ஒருவன் சொன்னது அவர் காதுக்கு நாற்பது வருஷம் கேட்ட பேச்சு. ஆனால் சந்தையில் தரகர் கண் முன்னால் நிற்கிறார், அவர் எந்த ஊர் என்று நாலு பேருக்குத் தெரியும், பணத்தை எண்ணிய பிறகுதான் கயிறு கை மாறுகிறது. போனில் துண்டு மட்டும் இருக்கிறது, தரகர் இல்லை.

ஆகவே வீட்டில் சொல்லி வையுங்கள்: வண்டி பார்க்க யார் வந்தாலும், உட்கார வைத்துக் கேட்கிற முதல் கேள்வி "உங்ககிட்ட என்ன வெலை சொன்னாங்க? பணம் யாருக்கு அனுப்பறீங்க?" ஆர்.சி., ஆதார் போட்டோக்களை நேரில் வராதவருக்கு அனுப்பக் கூடாது. ஆதார் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

இனி யு.பி.ஐ. இதில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பணம் வாங்குகிறவர் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. கியூ.ஆர். ஸ்கேன் செய்வதும் பின் போடுவதும் பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு இல்லை. "நான் ராணுவத்துல இருக்கேன், சூலூர்ல போஸ்டிங், வந்து பாக்க லீவு இல்ல, அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த கியூ.ஆர்.-அ ஸ்கேன் பண்ணுங்க" என்பது ரொம்பப் பழைய நாடகம். சீருடை போட்ட போட்டோவும் அடையாள அட்டையும் கூடவே வரும். சூலூர் விமானப்படைத் தளம் நமக்குப் பக்கத்து ஊர் என்பதால் பெரியவர்கள் சுலபமாக நம்பிவிடுகிறார்கள். முன்பு ஆப்பில் 'பணம் கேட்டு' ஒரு கோரிக்கை அனுப்பி, அதை அழுத்தினால் பணம் வரும் என்று ஏமாற்றுவார்கள். தனிநபர்கள் அப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. கியூ.ஆர். நாடகம் நிற்கவில்லை.

"நாலு லட்சத்தையும் ஜிபேல போட்டுட்டேன், ஸ்கிரீன்ஷாட் பாருங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துவிடலாம். ஒருவர் இன்னொருவருக்கு யு.பி.ஐ.யில் ஒரு நாளைக்கு அனுப்ப முடிவது பொதுவாக 1 லட்சம்தான். ஸ்கிரீன்ஷாட் செய்துதரவே போலி ஆப்கள் இருக்கின்றன. "உங்கள் கணக்கில் வரவு" என்று வரும் எஸ்.எம்.எஸ்.ஸும் அப்படித்தான், பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தால் அது வங்கி அனுப்பியது இல்லை. அப்புறம் ஒரு அழுகை வரும்: "பத்தாயிரம் அட்வான்ஸ் போடறதுக்கு ஒரு சைபர் கூடப் போயிருச்சுங், ஆஸ்பத்திரில இருக்கறன், தொண்ணூறத் திருப்பி அனுப்புங்க." அந்த எஸ்.எம்.எஸ்.ஸை நம்பி அனுப்பினால் போவது நம் சொந்தப் பணம். பாஸ்புக்கில் ஏறாத பணம் வந்த பணம் இல்லை. பணம் வரவில்லையே என்றால் 'உதவி'க்கு ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். அது நம் போன் திரையை அவனுக்குக் காட்டும் ஆப். போனைக் கீழே வைத்துவிடச் சொல்லுங்கள்.

பணத்தை எப்படி வாங்குவது? என் அபிப்பிராயத்தில் ஒரே வழிதான் நல்லது. வேலை நாளில் காலையில், அப்பாவின் வங்கிக் கிளையில், வாங்குகிறவரும் பக்கத்தில் இருக்க, ஆர்.டி.ஜி.எஸ். என்ற வங்கிப் பரிமாற்றத்தில் வாங்குவது. 2 லட்சமும் அதற்கு மேலும் அதில் அனுப்பலாம், உடனுக்குடன் ஏறும். இன்னொரு வங்கிப் பரிமாற்றமான என்.இ.எஃப்.டி. அரைமணிக்கு ஒரு தடவைதான் போகும். அதுவரை டீ குடித்துக் காத்திருக்கலாம், சாவி மட்டும் நம் பையில். டி.டி. (வங்கி வரைவோலை) கொண்டுவந்தால் அதைக் கொடுத்த கிளையிலேயே விசாரித்த பிறகுதான் பேச்சு. செக் பாஸாகும்வரை வெறும் காகிதம். ரொக்கம் என்றால், ஒரே ஆளிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். "ரெண்டு தவணையா வாங்கிக்கலாமுங்க" என்பதும் உதவாது, ஒரே வியாபாரம் ஒரே கணக்குதான்.

பலரும் யோசிக்காத இன்னொன்று: பணம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது? யார் பேருக்கு வண்டி மாறுகிறதோ அவர் கணக்கிலிருந்தே வர வேண்டும். "என்ற பிரெண்டு அனுப்புவான்" என்றால் வேண்டாம். வேறு எங்கோ யாரிடமோ திருடிய பணமாக அது இருந்தால், சைபர் கிரைம் புகார் அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து அப்பாவின் கணக்கை முடக்கிவிடும். பணம் நிஜமாகவே வந்திருக்கும், எடுக்க முடியாது. பென்ஷன் விழுகிற கணக்காக இருந்தால் கஷ்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

வண்டி உங்கள் பேரில் இருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டால் ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு) மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டி விற்ற பணம் அதில்தான் விழ வேண்டும், வெளிநாட்டுச் சம்பாத்தியம் போடும் என்.ஆர்.இ. கணக்கில் இல்லை. ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். அடுத்த லீவில் போகும்போது விற்றால் என்ன குறைந்துவிடும்? பேட்டரி ஒன்று மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இங்கே வாங்கிய வண்டியை இங்கேயே விற்கும் நாளும் வரும். நாடகம் அதேதான், மொழி மட்டும் வேறு. பார்க்காமலே வாங்குகிறேன், அண்ணன் வந்து எடுத்துக்கொள்வான், பே-ஐடியில் (போன் எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்துப் பணம் அனுப்பும் இங்குள்ள வசதி) அனுப்பிவிட்டேன் என்பார்கள். பிறகு ஒரு மின்னஞ்சல்: உங்கள் பே-ஐடி வணிகக் கணக்காக இல்லை, அதனால் கூடுதலாக 500 டாலர் கட்டியிருக்கிறார், அதை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று. பே-ஐடி இலவசம்; அது யாருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. வங்கிச் செக்கிலும் போலி உண்டு. முதல் தடவை ஒருவருக்கு அனுப்பும் பணத்தைச் சில வங்கிகள் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கும். நிஜமாக அனுப்பியவராக இருந்தால் மறுநாள் வந்து வண்டியை எடுத்துப்போவார்.

ஊரில் பணம் போய்விட்டால் யாரையும் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு, ஊரில் இருப்பவர் போனிலிருந்தே, கூப்பிடச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்த முடியும். அக்கம்பக்கம் தெரிந்தால் கேவலம் என்று அப்பா ஒரு ராத்திரி மறைத்து வைத்தால் அந்த ராத்திரியிலேயே எல்லாம் போய்விடும். அதனால் விளம்பரம் போடும் அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்: நடுராத்திரியானாலும் எழுப்புங்க, கோவிச்சுக்க மாட்டேன் என்று.

பணம் ஏறிய பிறகு பேர் மாற்றம். படிவம் 29, படிவம் 30. வண்டிமேல் கடன் இருந்தால் படிவம் 35, கூடவே வங்கியின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.). மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிப்பது விற்றவர் கடமை. "நான் மெதுவா மாத்திக்கறனுங்" என்று வாங்கியவர் சொன்னால் விடாதீர்கள். பேர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்டஈட்டுக்குப் பதிவேட்டில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை ஒப்படைத்ததாக எழுதும் டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் எழுத வேண்டும். அன்று சாயங்காலமே யாராவது சிக்னலைத் தாண்டினால் அது யார் கணக்கு என்று அந்த மணிதான் சொல்லும்.

எங்கள் வண்டியைக் கடைசியில் அந்தச் சத்தியமங்கலத்துக்காரரே வாங்கினார். திங்கட்கிழமை வங்கியில் வைத்து, மூன்று தொண்ணூறுக்கு. பேரம் பேசித்தான். படிவம், டெலிவரி நோட்டு, ஆர்.சி. எல்லாம் ஐயன் சுத்தமாக முடித்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு செய்தி: விஜயமங்கலம் சுங்கச்சாவடி, பணம் பிடிக்கப்பட்டது. மறுநாள் திரும்பி வந்ததற்கும் ஒன்று. ஃபாஸ்டேக் என் பேரில் எடுத்தது, அதை மூடச் சொல்ல நான்தான் மறந்திருந்தேன்.